வீட்டில் செய்த பொங்கல் வாழ்த்தும் என் அப்பாவின் வலது கையும்



மார்கழி பாதி ஓடிவிட்டது. பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு விட்டாச்சு. "போர் அடிக்குது"ன்னு இந்நேரம் உங்கள் வீட்டிலும் ஒரு குரல் கேட்க ஆரம்பித்திருக்கும். பொங்கலுக்கு வீட்டிலேயே வாழ்த்து அட்டை, தோரணம், காப்புக் கட்டு எல்லாம் எப்படிச் செய்வது என்று எழுதலாம் என உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் இது எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும். அதனால் இந்த இழை கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என் அப்பா ஓய்வு பெற்ற அரசுப் பேருந்து நடத்துனர். சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் வழியாக மைசூர் போகும் ரூட்டில் பல வருடம் ஓடியவர். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் நின்றுகொண்டே டிக்கெட் கொடுத்த மனிதர். டிக்கெட் மெஷின் வருவதற்கு முன்னால் கண்டக்டர்கள் கையில் கலர் கலராக டிக்கெட் கட்டுகள் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? ஒரு கையில் அந்தக் கட்டு, விரலிடுக்கில் மடித்த நோட்டுகள், வாயில் விசில். பேருந்து ஒரு பக்கம் சாயும்போதும் டிக்கெட் நேர்கோட்டில் கிழிந்து வரும். சின்ன வயதில் அதுதான் எனக்கு உலகத்திலேயே பெரிய வித்தை.

போன வருடம் ஆவணி மாதம் ஒரு ராத்திரி அவருக்குப் பக்கவாதம் வந்தது.

அன்று எனக்கு நைட் டூட்டி. ராத்திரி பத்தரை மணிக்கு வலது கை மரத்த மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "அவனுக்குப் போன் பண்ணட்டுமா?" என்று அம்மா கேட்டதற்கு, "டூட்டியில இருக்கறவன எதுக்குத் தொந்தரவு பண்றே? படுத்த வாக்குல மரத்திருக்கும். காத்தால பாத்துக்கலாம்" என்று தூங்கப் போய்விட்டார். காலையில் எழும்போது வலது கையும் காலும் அசையவில்லை. வாய் கோணியிருந்தது. பேச்சு குழறியது.

அந்த ராத்திரி நான் வேறு யாரோ ஒருவருடைய அப்பாவுக்கு பிபி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கும் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று இதை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல் அல்லது மரத்துப்போதல், பேச்சு குழறுதல். இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 108க்கு அடியுங்கள். சிடி ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேனில்தான் தெரியும். அடைப்பாக இருந்து, தகுதியும் இருந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். அதற்கான நேரம் அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஸ்கேன் பார்க்கும் முன் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அப்பாவுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது.

உயிருக்கு ஆபத்து இல்லாமல் வீடு வந்து சேர்ந்தார். இரண்டு மாதத்தில் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தார். பேச்சும் ஓரளவு தெளிந்தது. கை மட்டும் வரவில்லை. தோள் அசையும், முழங்கை மடங்கும், விரல்கள் பாதி மூடும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேராது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் தம்பி வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக் கொடுப்பார். அவர் இருக்கும்வரை அப்பா செய்வார். அவர் வாசல் தாண்டியதும் கையில் கொடுத்த மஞ்சள் பந்து கட்டிலுக்கடியில் உருண்டு போய்விடும். "பந்தை அமுக்குறதுக்கு நான் என்ன கொழந்தையா?" என்பார். நான் டாக்டர் தோரணையில் பாடம் எடுப்பேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

சொந்தக்காரர்கள் பார்க்க வந்தால் துண்டை எடுத்து வலது கையை மூடிக்கொள்வார். டிபோ நண்பர்கள் போன் செய்தால், தூங்குவதாகச் சொல்லச் சொல்வார்.

இங்கே ஒரு மருத்துவக் குறிப்பு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பிடிவாதம், சோம்பேறித்தனம், 'வயசானா அப்படித்தான்' என்று நாம் அதைக் கடந்துவிடுகிறோம். அதற்கு சிகிச்சை உண்டு. அப்பாவுக்கும் மாத்திரை தொடங்கினோம். தூக்கம் கொஞ்சம் வந்தது. சாப்பாடு இறங்கியது. ஆனால் கை துண்டுக்குள்ளேயே இருந்தது.

மார்கழி வந்தது. எங்கள் கொங்குப் பக்கம் போகி அன்று சாயங்காலம் காப்புக் கட்டுவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துச் சிறு சிறு கொத்தாகக் கட்டி, வீட்டு வாசல், கிணற்றடி, மாட்டுக் கொட்டகை, தோட்டம் என எல்லா இடத்திலும் செருகுவோம். எங்கள் வீட்டில் அது அப்பாவின் வேலை. போகி அன்று டூட்டி விழுந்தால்கூட யாரிடமாவது மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

"இந்த வருசம் பூளைப்பூ எங்கிருந்து பறிச்சுட்டு வரட்டும்ப்பா?" என்று பேச்சுக்கொடுத்தேன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் சாமி. நீங்க கொண்டாடுங்க" என்றார்.

நான்கு மாதமாக நாங்கள் அவருக்காக எல்லாம் செய்தோம். குளிப்பாட்டினோம், ஊட்டினோம், சட்டை மாட்டினோம், டிவி போட்டுவிட்டோம். அவரை எதையாவது செய்து தரச் சொல்லி நாங்கள் யாருமே கேட்கவில்லை. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைக்க வைத்தது என் மகள்.

அவளுக்கு ஏழு வயது. அரையாண்டு லீவில் தோழிகளுக்குப் பொங்கல் வாழ்த்து செய்ய வேண்டும் என்றாள். நான் தொண்ணூறுகளின் பிள்ளை. மார்கழி வந்தால் கடை வாசலில் கயிறு கட்டி, நடிகர் படம், காளை மாடு, உழவர் குடும்பம், இயற்கைக் காட்சி என்று வாழ்த்து அட்டைகள் தொங்கும். எனக்கு எத்தனை வந்தது, உனக்கு எத்தனை வந்தது என்று எண்ணிப் பார்த்து சண்டை போட்ட தலைமுறை. செல்போன் வந்து எல்லாம் ஒரே ஃபார்வர்டு மெசேஜில் முடிந்துவிட்டது. அதனால் அவள் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

வீட்டில் இருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்தேன். கெட்டியான அட்டை அதில் இலவசம். டாக்டர் வீட்டில் இன்னொரு பொருளும் இலவசம். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகும் பளபள நோட்டீஸ்கள். பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று எல்லாக் கலரும் கிடைக்கும். எல்லாவற்றையும் அப்பாவின் கட்டில் பக்கத்து மேஜையில் பரப்பினோம். வேறு காரணம் இல்லை, வீட்டில் பெரிய மேஜை அதுதான்.

மின்விசிறிக் காற்றில் காகிதம் பறந்தது.

"தாத்தா, இதக் கொஞ்சம் புடிங்களேன்."

அவள் கேட்டது இவ்வளவுதான். எந்தக் கையால் என்று சொல்லவில்லை. அப்பாவின் இடது கையில் காபி டம்ளர் இருந்தது. துண்டுக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்து காகிதத்தின் மேல் உட்கார்ந்தது. வெறும் எடைக் கல் மாதிரிதான். பிடிக்கவெல்லாம் இல்லை. ஆனால் காகிதம் பறக்கவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. நான் அந்த வருடம் செய்த நல்ல வைத்தியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் கத்தரிக்கோலால் கரும்பு வெட்டித் தரச் சொன்னாள். கத்தரிக்கோல் அவருக்கு வரவில்லை. முகம் சுருங்கியது. "அப்பா, வெட்ட வேண்டாம். டிக்கெட் கிழிக்கற மாதிரி கிழிச்சுக் குடுத்தா போதும்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்த வார்த்தை. இடது கை காகிதத்தை இழுக்க, வலது கையின் விரலிடுக்கில் செருகிய மறுமுனை நழுவியது. திரும்பச் செருகினார். நழுவியது. ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ ஒரு துண்டு கிழிந்து வந்தது. கோணல்தான். ஆனால் கிழிந்து வந்தது.

பழக்க தோஷத்தில் அடுத்த தாளைப் பிரிக்க விரலை நாக்கில் தொட்டார். "அய்யே தாத்தா, எச்சி!" என்று என் மகள் அலறினாள். நான்கு மாதத்தில் அப்பா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஈர ஸ்பாஞ்ச் ஒன்றைக் கிண்ணத்தில் வைத்தோம்.

இதில் நடப்பது என்ன? மூளையில் பாதிக்கப்பட்ட பகுதியின் வேலையை, மிச்சமிருக்கும் நரம்பு இணைப்புகள் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால் ஓரளவு கற்றுக்கொள்கின்றன. அந்தப் பயிற்சி அர்த்தமுள்ள ஒரு வேலையாக இருப்பது முக்கியம். டம்ளர் தூக்குவது, பொத்தான் போடுவது, காகிதம் கிழிப்பது மாதிரி. இதன் மறுபக்கமும் உண்டு. முடியாத கையை மூடி வைத்துக்கொண்டு நல்ல கையாலேயே எல்லாம் செய்தால், கையில் கொஞ்சம் சக்தி திரும்பியிருந்தாலும் அதைப் பயன்படுத்தும் பழக்கமே போய்விடும். அப்பாவின் துண்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தது. நாங்களும் ஊட்டி ஊட்டி அதற்கு உதவிக்கொண்டிருந்தோம்.

பிசியோ தம்பியிடம் சொன்னேன். அவருக்கு ஏக சந்தோஷம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும், முழங்கை மேஜையில் தாங்க வேண்டும், பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு என்று சில மாற்றங்கள் சொல்லிவிட்டுப் போனார்.

இனி நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் டூட்டி முடிந்து இரவு வந்தேன். மேஜையில் அன்றைக்குச் செய்த அட்டை காய்ந்துகொண்டிருந்தது. பானை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கரும்பு பானைக்குள்ளிருந்து முளைத்த மாதிரி இருந்தது. சூரியன் அட்டையின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பசை ஈரமாகத்தான் இருந்தது. பானையை நிமிர்த்தினேன். கரும்பை நகர்த்தினேன். சூரியனின் ஓரத்தைக் கத்தரித்தேன். அழகாக இருந்தது. நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் அப்பா அட்டையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "இத்தன நல்லா வருதுன்னா, நீயே செஞ்சுக்க சாமி" என்றார். கை துண்டுக்குள் போய்விட்டது. இரண்டு நாள் மேஜைப் பக்கமே வரவில்லை.

என் பார்வையில் அது கோணல் பானை. அவருக்கு அது ஒரு முழுப் பகல் வேலை. மகன் ராத்திரியோடு ராத்திரியாக வந்து அதை அழித்துவிட்டுப் போயிருக்கிறான். வார்டில் நோயாளி தானாக ஒரு வாய் சாப்பிடும்போது அவசரத்தில் கரண்டியைப் பிடுங்கி ஊட்டும் உறவினர்களைக் கண்டித்திருக்கிறேன். வீட்டில் நான் செய்ததும் அதேதான்.

மூன்றாம் நாள் ராத்திரி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "தப்புப் பண்ணீட்டேன்ப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு ராத்திரி உனக்குப் போன் பண்ணியிருக்கோணும்" என்றார். அந்தப் பேச்சை நாங்கள் இருவருமே நான்கு மாதமாக எடுக்கவில்லை. அன்று பேசினோம். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

மறுநாள் காலை என் மகள் எதுவுமே நடக்காத மாதிரி மேஜையில் தாளை வைத்து, "தாத்தா, எனக்குச் செவப்பு வேணும்" என்றாள். அவர் கிழித்துக் கொடுத்தார்.

சரி, செய்முறைக்கு வருகிறேன்.

அட்டை: பழைய கல்யாணப் பத்திரிகையின் எழுத்தில்லாத பக்கம் வெளியே வருமாறு இரண்டாக மடியுங்கள். எழுத்துள்ள பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டிக்கொள்ளலாம்.

பசை: ஒரு ஸ்பூன் மைதாவை ஐந்தாறு ஸ்பூன் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் மங்கிக் கண்ணாடி மாதிரி வரும்போது இறக்கி ஆறவிடுங்கள். அன்றன்றைக்குச் செய்துகொள்வது நல்லது. போஸ்டர் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில் துத்தம் கலப்பார்கள். வீட்டுப் பசையில் அதைச் சேர்க்கவே கூடாது. அது காப்பர் சல்பேட். விழுங்கினால் ரத்தம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் பாதிக்கும் விஷம். குழந்தை கையை வாயில் வைக்கும் என்பது நமக்குத் தெரியும்தானே.

படம்: காகிதத்தை வெட்டாமல் கிழியுங்கள். நீள நீளமாக ஊதா நிறத்தில் கிழித்தால் கரும்பு. நுனியில் மெல்லிய பச்சைக் கிழிசல்கள் தோகை. பழுப்பு நிறத்தில் உருண்டையாகக் கிழித்தால் பானை. கிழிந்த ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோடே பொங்கும் பால் நுரைக்கு ஆகும். மஞ்சள் துண்டுகளை வட்டமாக ஒட்டினால் சூரியன். கிழித்த படத்தில் நேர்கோடு எதிர்பார்க்க முடியாது. அதனால் நடுங்கும் கை செய்ததும், ஏழு வயதுக் கை செய்ததும், டாக்டர் கை செய்ததும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

தோரணம்: மாவிலையின் காம்புப் பக்கத்தை நூலின் மேல் மடித்து, தென்னை ஈர்க்குச்சித் துண்டால் குத்திக் கோருங்கள். ஸ்டேப்ளர் பின் வேண்டாம். இலை காய்ந்ததும் பின் கழன்று தரையில் விழும். வெறுங்காலோடு நடக்கும் சர்க்கரை நோயாளிக்கு அது குத்தினதே தெரியாது. புண்ணான பிறகுதான் எங்களிடம் வருவார்கள்.

காப்புக் கொத்து: ஒரு இணுக்கு வேப்பிலை, ஒரு கொத்து ஆவாரம்பூ, இரண்டு குச்சி பூளைப்பூ. நூலால் மூன்று சுற்று. அவ்வளவுதான்.

பெரியவர்களுக்குக் கை மரத்திருந்தால் சூடான பசை, அடுப்பு, ஊசி மூன்றையும் கொடுக்காதீர்கள். சுட்டாலும் தெரியாது. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு விலகிப்போகும். பிபி மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளை 'நல்லாத்தானே இருக்கு' என்று நிறுத்தாதீர்கள். நான் சொல்லும் இந்த வேலைகள் பிசியோதெரபியோடு சேர்த்துச் செய்வதற்கு. அதை நிறுத்திவிட்டுச் செய்வதற்கு அல்ல.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுமினுக்கும் சின்ன விளக்குகள் எல்லாவற்றுக்குள்ளும் பட்டன் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அந்த இடம் வெந்து புண்ணாகிவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம் கொடுத்து 'வெளிய வந்துரும்' என்று காத்திருக்காதீர்கள். உடனே எக்ஸ்ரே உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், விழுங்க முடிகிறது என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் ஆறு முறை. தேன் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.

இரண்டு, உடனே ஒட்டும் பசை. அந்தச் சின்ன ட்யூபைக் கண் சொட்டு மருந்து என்று நினைத்து விட்டுக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. இமை ஒட்டிக்கொண்டால் பிரித்து இழுக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போங்கள். மைதா பசைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கதையை முடித்துவிடுகிறேன்.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் 23 அட்டைகள் தயாராகின. என் மகளின் தோழிகளுக்கு எட்டு. சொந்தக்காரர்களுக்கு நான்கு. பிசியோ தம்பிக்கு ஒன்று. எங்கள் வார்டு சிஸ்டருக்கு ஒன்று. மிச்சம் ஒன்பதையும் தனக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டார். யாருக்கு என்று கேட்டேன். பழைய டிரைவர்கள், கண்டக்டர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். யாருடைய போனை எடுக்காமல் தூங்குவதாகச் சொல்லச் சொன்னாரோ, அதே ஆட்கள்.

முகவரியை என் மகள் எழுதினாள். உள்ளே பெயரை மட்டும் அவர் எழுதினார். ஸ்கெட்ச் பேனாவைச் சுற்றித் துணி சுற்றித் தடிமனாக்கி, வலது கையில் செருகி, இடது கையால் தாங்கிக்கொண்டு. ஒரு பெயர் எழுத நான்கு நிமிடம். இரண்டு எழுத்துக்கு மேல் கோட்டில் நிற்கவில்லை. இந்த முறை நான் எதையும் திருத்தவில்லை.

போகிக்கு முந்தின நாள் மதியம் போன் அடித்தது. அவரோடு மைசூர் ரூட்டில் ஓடிய டிரைவர். "யோவ், உன்ற கையெழுத்து எப்பவுமே இப்படித்தான்யா இருக்கும். டிரிப் ஷீட்ல படிக்கவே முடியாது" என்று எடுத்த எடுப்பில் சொல்லியிருக்கிறார். அப்பா சிரித்த சிரிப்பு அடுப்படிவரை கேட்டது. நாற்பது நிமிடம் பேசினார்கள். திம்பத்தில் எந்த வளைவில் யானை நின்றது, எந்த மழையில் வண்டி நின்றது என்று. குழறல் இருந்தது. அந்தப் பக்கம் இருந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கலுக்கு மறுநாள் நேரில் வந்தார். அப்பா துண்டைத் தேடவில்லை.

போகி சாயங்காலம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கொத்துக் கட்டினார். வலது கை கொத்தைப் பிடித்தது, இடது கை நூலைச் சுற்றியது. முடிச்சு மட்டும் என் மகள். இருபது கொத்து. ஏறிச் செருகியது நான். "வடக்கு மூலைய விட்டுட்ட பாரு" என்று கீழிருந்து ஊன்றுகோலால் காட்டிக்கொண்டே வந்தார். வழக்கமாக நான் கீழே நின்று கொத்து எடுத்துக் கொடுப்பேன், அவர் ஏறுவார்.

அவர் கை முழுதாகச் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு வருடம் தாண்டியும் சட்டைப் பொத்தான் போட அம்மாதான் வேண்டும். டம்ளர் பிடிக்கிறார், பாதி நிரப்பியிருந்தால். கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார், கொஞ்சம் சிந்தும். கையைத் துண்டால் மூடுவதில்லை. அட்டை ஒட்டினால் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை. பாதிப்பின் அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் பக்கவாதம் வந்தவர், பார்வை மங்கியவர், முழங்கால் போனவர், ஞாபகம் தப்பிய பாட்டி என்று யாராவது ஒருவர் பண்டிகை நாளில் புதுத்துணி உடுத்தி ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் வந்து காலில் விழுந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இந்தப் பொங்கலுக்கு அவர்களிடம் ஒரு வேலை கொடுங்கள். மாவிலையைத் துடைத்து அடுக்குவது, பூவை ஆய்வது, நூலைப் பிடிப்பது, தாளைக் கிழிப்பது, எது முடியுமோ அது. அரை மணி நேரத்தில் முடியும் வேலை அரை நாள் இழுக்கும். இழுக்கட்டும். கோணலாக இருந்தால் அப்படியே வாசலில் மாட்டுங்கள். ராத்திரி எழுந்து சரி செய்யாதீர்கள். அந்தத் தப்பை உங்களுக்கும் சேர்த்து நான் ஏற்கனவே செய்துவிட்டேன்.

இந்த வருடத்து அட்டைகள் தொடங்கியாச்சு. டிபோ ஆட்கள் பட்டியல் ஒன்பதிலிருந்து பதினாறு ஆகியிருக்கிறது. மருந்துக் கம்பெனி நோட்டீஸ் போதவில்லை என்று அப்பா என்னை விரட்டுகிறார். ஊதா கலர்தான் நிறைய வேண்டுமாம், கரும்புக்கு.

உங்கள் வீட்டில் செய்ததைப் படம் எடுத்துப் போடுங்கள். அப்பாவிடம் காட்டுகிறேன்.

அனைவருக்கும் முன்கூட்டியே பொங்கல் வாழ்த்துகள்.